விடுதலைப் பிரகடனங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: வாஷிங்டன் முதல் ஜகார்த்தா வரை ஆறு இடங்கள், ஒரு மதிப்பீடு

பேரரசை விட்டுப் பிரிகிறோம் என்று அறிவிக்க ஒரு வரி போதும். ஏன் பிரிகிறோம், குற்றம் யார் மேல், அதை யார் விசாரிக்க வேண்டும் என்று சொல்லத்தான் மற்ற வரிகளெல்லாம் செலவாகின்றன. அந்த வகையில் விடுதலைப் பிரகடனம் ஒரு வழக்கு மனு. இந்தத் தாள்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் அருங்காட்சியகங்கள் பலவும் தாளை நன்றாகக் காட்டுகின்றன, மனுவைக் காட்டுவதில்லை. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டு வருகிறவருக்கு உள்ளே என்ன வாதம் இருக்கிறது என்று தெரியாமலே போய்விடுகிறது. ஆகவே கட்டடம், குளிர்சாதனம், கடை எல்லாம் இங்கே இரண்டாம் பட்சம். வாதத்தை எவ்வளவு தூரம் புரியவைக்கிறது என்பதை வைத்தே ஒவ்வொரு இடத்தையும் எடை போட்டிருக்கிறோம்.

எங்கே போனாலும் மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அறுக்கப்படும் கயிறு எது: மன்னரோடு இருந்த உறவா, நாடாளுமன்றத்தோடா, அந்த நாட்டோடேயா? என்னென்ன குற்றங்கள் பட்டியலில் ஏறுகின்றன, எவை விடப்படுகின்றன? இந்த மனு யாருடைய காதில் விழ வேண்டும் என்று எழுதப்பட்டது? மூன்றாவதற்குப் பதில் கிடைத்தால் மற்ற இரண்டும் தானாகத் தெளிந்துவிடும்.

வாஷிங்டனிலிருந்து தொடங்கலாம். தேசிய ஆவணக் காப்பகத்தின் அருங்காட்சியக நுழைவாயில் கான்ஸ்டிடியூஷன் அவென்யூ பக்கம் இருக்கிறது. மெட்ரோவில் பச்சை அல்லது மஞ்சள் தடத்தில் வந்து ஆர்கைவ்ஸ் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போகலாம். காலை 10 முதல் மாலை 5.30 வரை திறந்திருக்கும். அனுமதி இலவசம். இளவேனிலிலும் கோடையிலும் பள்ளிக் குழந்தைகளின் வரிசை தெருவரை நீளும். நேரம் குறித்த நுழைவுச் சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்தால் ஆளுக்கு 1 டாலர் முன்பதிவுக் கட்டணம். அந்தப் பருவங்களில் அது வீண் செலவில்லை. பிரகடனம் வைத்திருக்கும் வட்டக்கூடத்துக்குள் புகைப்படம் எடுக்க 2010 முதல் தடை. கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

1776-இன் பிரகடனம் டைட்டானியமும் அலுமினியமும் கொண்டு செய்த சட்டத்துக்குள், ஆக்சிஜனை வெளியேற்றி ஆர்கான் வாயு நிரப்பிய பெட்டியில் இருக்கிறது. விளக்கு மிகவும் மங்கல். ஏறக்குறைய 24¼ அங்குலத்துக்கு 29¾ அங்குலம் உள்ள, எழுதுவதற்குப் பதப்படுத்திய அந்த விலங்குத் தோலில் எழுத்து அநேகமாக மறைந்துவிட்டது. தலைப்பும், பிரகடனத்தை ஏற்ற மாநாட்டின் தலைவர் ஜான் ஹான்காக்கின் பெரிய கையெழுத்தின் சாயலும் தெரியும். மற்றதைக் கண்ணைச் சுருக்கினாலும் படிக்க முடியாது. இதில் இன்றைய காப்பாளர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1841 முதல் 1876 வரை அந்தத் தோல் காப்புரிமை அலுவலகத்தில் சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டப்பட்டிருந்தது. 35 ஆண்டு வெயில் மையைத் தின்றுவிட்டது. அதற்கு முன்பே தாளைச் சுருட்டிச் சுருட்டி ஊர் ஊராகக் கொண்டுபோனதிலும் மை உதிர்ந்திருந்தது. இடது கீழ்மூலையில் யாருடைய கைத்தடமோ பதிந்திருப்பதையும் பார்க்கலாம்.

ஆகவே வாஷிங்டனில் செய்ய வேண்டிய முதல் வேலை, போவதற்கு முன்பே பாடத்தைப் படித்துவிடுவது. காப்பகத்தின் இணையதளத்திலேயே முழு எழுத்துப்படி இலவசமாகக் கிடைக்கிறது. படிக்கும்போது மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று தொடங்கும் பொதுக் கொள்கை முதலில் வருகிறது. நடுவில் பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மீதான 27 குற்றச்சாட்டுகள். கடைசியில், எத்தனை முறை முறையிட்டும் பயனில்லை என்ற விளக்கமும் பிரிவினை அறிவிப்பும். உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படுவது முதல் பகுதி. 1776-இல் எழுதியவர்கள் உழைப்பைக் கொட்டியதோ நடுப்பகுதியில். அந்த 27-ஐயும் ஒன்று விடாமல் எண்ணிக்கொண்டே படித்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. 'பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை' என்று பள்ளியில் படித்தோமே, அந்த வரி விவகாரம் பட்டியலில் 17-ஆவது இடத்தில், ஒரே ஒரு வரியாகத்தான் வருகிறது. அதற்கு முன்னால் நிற்பவை சட்டங்களுக்கு ஒப்புதல் தராதது, சட்டமன்றங்களைக் கலைத்தது, நீதிபதிகளைத் தன் சம்பளத்துக்குக் கட்டிப்போட்டது, அமைதிக் காலத்தில் படையை நிறுத்தியது முதலியவை. இது ஆட்சி முறை பற்றிய வழக்கு. காசு அதில் ஒரு பகுதி.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'நாடாளுமன்றம்' என்ற சொல் அந்தக் குற்றப்பட்டியலில் எங்கும் இல்லை. தேயிலை வரி, முத்திரை வரி எல்லாம் நாடாளுமன்றம் போட்டவைதானே, பழியை ஏன் மன்னர் மேல் சுமத்தினார்கள்? எங்கள் மேல் சட்டம் போட லண்டன் நாடாளுமன்றத்துக்கு எந்தக் காலத்திலும் அதிகாரம் இருந்ததில்லை என்பது அவர்களுடைய நிலைப்பாடு. இல்லாத கயிற்றை அறுக்க முடியாது. இருந்த ஒரே கயிறு அரசரிடம் செய்த விசுவாசம். அதை அறுத்தால் போதும். அதனால் நாடாளுமன்றம் 'மற்றவர்கள்' என்று ஒரு முனகலோடு கடந்துபோகிறது. மன்னர் அவர்களோடு 'சேர்ந்துகொண்டார்' என்பதே 13-ஆவது குற்றம். மற்ற நாடுகளின் தாள்களைப் படிக்கும்போது இந்த நுணுக்கத்தை மறக்காதீர்கள். ஹனோயில் இதே உத்தி வேறு வேடத்தில் வரும்.

விடப்பட்டவையும் அங்கேயே கிடைக்கின்றன. அடிமை வணிகத்துக்கு மன்னரைப் பொறுப்பாக்கி, பிரகடனத்தை வரைந்த ஜெஃபர்சன் எழுதிய நீண்ட பத்தியை மாநாடு அடித்துவிட்டது. அடித்தல் திருத்தல்களோடு உள்ள அவருடைய வரைவு இந்தக் கட்டடத்தில் இல்லை. காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. அதன் ஸ்கேன் படத்தை அவர்களுடைய தளத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். அந்த ஒரு பத்தி எல்லா மனிதரும் சமம் என்ற வரிக்குக் கீழே எத்தனை பேர் நிற்க அனுமதிக்கப்பட்டார்கள் என்பதைச் சொல்லிவிடும். எஞ்சியிருக்கும் 27-ஆவது குற்றச்சாட்டு பூர்வகுடிகளை 'இரக்கமற்ற காட்டுமிராண்டிகள்' என்கிறது. நினைவுச் சின்னம் என்று கைகூப்பிப் பார்ப்பவர்கள் அதையும் படித்துவிட்டுப் பார்ப்பதுதான் நேர்மை.

நகல் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரெங்கும் கிடைக்கும் பழுப்பேற்றி, சுருக்கம் விழவைத்து, ஓரத்தைக் கருக்கிய தாள்கள் வேண்டாம். எழுத்து பொடியாகி, படிக்கவே வராது. நல்ல நகல்கள் இரண்டு வகை. ஒன்று, வில்லியம் ஸ்டோன் செம்புத்தகட்டில் செதுக்கி 1823-இல் 200 தோல் படிகள் எடுத்த பதிப்பின் நகல். அசலின் எழுத்தழகு அதில்தான் பிழைத்திருக்கிறது. நாம் எங்கும் பார்க்கும் பிரகடனப் படம் பெரும்பாலும் இதுதான். முதல் பதிப்பை அடையாளம் காண மேல் விளிம்பைப் பாருங்கள்: ஸ்டோன் பெயரும் அன்றைய வெளியுறவுச் செயலர் ஜான் குவின்சி ஆடம்ஸ் பெயரும் இடம் வலமாகப் பிரிந்து நிற்கும். பிந்தைய அச்சுகளில் ஸ்டோன் பெயர் இடது கீழே சிறிதாக இருக்கும். இன்னொன்று, 1776 ஜூலை 4 இரவு ஜான் டன்லப் அச்சிட்ட ஒற்றைத்தாள். சுமார் 200 அடித்ததில் இன்று 26 இருப்பதாக அறியப்படுகிறது. வாதத்தை ஒப்பிட விரும்புகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை டன்லப் தாளின் நகல். அச்செழுத்து, தடையில்லாமல் படிக்கலாம். அதில் 56 கையெழுத்துகள் இருக்காது. ஹான்காக், செயலர் சார்ல்ஸ் தாம்சன் என்று இரண்டு பெயர்கள் மட்டும். தலைப்பில் 'ஒருமனதாக' என்ற சொல்லும் இருக்காது. நியூயார்க் ஜூலை 9-ஆம் தேதிதான் சம்மதித்தது. அதன் பிறகே தோலில் எழுதும் படிக்கு 'பதின்மூன்று ஐக்கிய மாநிலங்களின் ஒருமனதான பிரகடனம்' என்று தலைப்பு மாறியது. பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2-இல். நகலின் கீழே 'ஜூலை 4 அன்று கையெழுத்தானது' என்று குறிப்பு போட்டிருந்தால் அந்தக் கடை தன் சரக்கைத் தானே படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

மொத்தத்தில் வாஷிங்டனுக்குப் பாதுகாப்பிலும் ஒழுங்கிலும் முழு மதிப்பெண். வாதத்தைப் புரியவைப்பதில் பாதிதான். கோவில் கருவறைபோல் அமைத்துவிட்டார்கள். மங்கல் விளக்கில் தரிசனம் கிடைக்கும், பொருள் கிடைக்காது.

பிரான்சின் அடிமைக் காலனியாக இருந்து விடுபட்ட ஹெய்த்தியின் தாளைப் பார்க்க லண்டனுக்குப் போக வேண்டியிருக்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1804 ஜனவரி 1-இல் கோனாயீவ் நகரில் தளபதி டெஸ்ஸலீன் அறிவித்த விடுதலையின் அதிகாரபூர்வ அச்சுப்படி ஒன்றுகூட எஞ்சியதாக நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. 2010-இல் ஆய்வு மாணவி ஜூலியா காஃபீல்ட் லண்டன் கியூ பகுதியில் உள்ள பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் எட்டுப் பக்கச் சிறுபிரசுரத்தைக் கண்டெடுத்தார். மறு ஆண்டு அங்கேயே பெரிய ஒற்றைத்தாள் ஒன்றும் கிடைத்தது. சிறுபிரசுரம் இருந்தது சி.ஓ. 137 என்ற வரிசையில்: ஜமைக்கா ஆளுநர் லண்டனுக்கு அனுப்பிய கடிதக் கட்டுகள்.

லண்டன் சுரங்க ரயிலின் டிஸ்ட்ரிக்ட் தடத்தில் கியூ கார்டன்ஸ் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். ஞாயிறு, திங்கள் விடுமுறை. காட்சிக்கூடத்தில் இது நிரந்தரமாக வைக்கப்பட்டிருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். அசல் ஆவணங்கள் கேட்பவர்களுக்கு வாசகர் அட்டை தேவை. இலவசம்தான், பெயருக்கும் முகவரிக்கும் சான்று கொண்டுபோக வேண்டும். படிப்பறையில் பென்சில் மட்டும். பேனா எடுத்தால் தடுத்துவிடுவார்கள். இப்படிப்பட்ட அரிய தாள்களுக்கு அசலைத் தராமல் படத்தையே காட்டுவதும் வழக்கம். ஆகவே இதற்காக மட்டும் விமானம் ஏற வேண்டாம். இணையப் படமே போதும், பிரெஞ்சு தெரியாதவர்கள் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அந்த எட்டுப் பக்கங்கள் 1776-இன் தாளோடு ஒப்பிட எல்லாவற்றிலும் தகுதியானவை. இயற்கைச் சட்டம், உடன்படிக்கை என்ற பேச்சே இல்லை. எண் போட்ட குற்றப்பட்டியலும் இல்லை. நீதிபதியாக உலகத்தை அழைக்கவும் இல்லை. முன்னால் நிற்பவர்கள் சொந்த மக்கள்: உங்கள் மனைவியை, கணவனை, சகோதரனை, பால்குடிக் குழந்தையைத் தேடிப்பாருங்கள், அவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்கிறது. சட்டையைப் பிடித்து உலுக்கும் பேச்சு அது. அடிமைச் சந்தையில் விற்கப்பட்டவனுக்கும் விற்றவனுக்கும் நடுவே உடன்படிக்கை ஏது, மீறப்பட்டது என்று காட்ட? ஆகவே நியாயம் கடந்த காலத்தின் ரத்தத்திலும், இனி அடிமைப்படுவதைவிடச் சாவோம் என்ற சத்தியத்திலும் நிற்கிறது. வெளியுலகத்துக்கென்று இருப்பது ஒரே ஒரு செய்தி: அண்டைத் தீவுகளின் அமைதியைக் குலைக்க மாட்டோம், அவர்கள் நிம்மதியாக மூச்சுவிடட்டும் என்ற உறுதி. அடிமைகள் நிறைந்த ஜமைக்காவை ஆண்டவர் இந்தத் தாளைக் கவனமாக லண்டனுக்கு அனுப்பியதன் காரணம் அந்த வரியைப் படித்தால் விளங்கும். உறுதி கொடுத்தும் பயன் சொற்பம். பிரான்ஸ் 1825-இல் அங்கீகாரத்துக்கு 150 மில்லியன் பிராங்க் இழப்பீடு கேட்டது. பின்னர் அதை 90 மில்லியனாகக் குறைத்தது. அமெரிக்கா அங்கீகரிக்க 1862 வரை ஆயிற்று.

ஸ்பெயினிடமிருந்து விடுதலை அறிவிக்கப்பட்ட அர்ஜென்டினாவின் டுக்குமான் வீட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொங்கிரேசோ தெரு 141. வெள்ளைச் சுவரும் முறுக்குத் தூண்களும் கொண்ட முகப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். அது 1940-களில் மீண்டும் கட்டப்பட்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீடு இடிக்கப்பட்டபோது பிரமாணம் எடுத்த கூடம் மட்டும் தப்பியது. 1869-இல் பகனெல்லி எடுத்த புகைப்படத்தைப் பார்த்து மற்றதை எழுப்பினார்கள். 1816 ஜூலை 9-இல் இங்கே கையெழுத்தான மூலச்சாசனம் தொலைந்துவிட்டது. ஆகவே பார்க்க வேண்டியது அந்த ஒரு கூடம், தாள் இல்லை.

ஆனாலும் இங்கே ஒரு பாடம் இருக்கிறது. டுக்குமான் சாசனத்தில் குற்றப்பட்டியலே கிடையாது. பறிக்கப்பட்ட உரிமைகளை மீட்கிறோம் என்று சொல்லி முடித்துவிடுகிறது. விரிவான குற்றச்சாட்டு அறிக்கை நாடுகளை நோக்கி 1817 அக்டோபரில் தனியாக வந்தது. அதாவது முதலில் பிரிந்தார்கள், பிறகு காரணம் எழுதினார்கள். பிரமாண வாசகத்தில் ஜூலை 19-ஆம் தேதி ரகசியக் கூட்டத்தில் ஒரு சொற்றொடர் சேர்த்தார்கள்: ஸ்பெயின் மன்னரிடமிருந்து மட்டுமல்லாமல் 'வேறு எந்த அந்நிய ஆதிக்கத்திடமிருந்தும்' விடுதலை. ஸ்பெயினை விட்டுவிட்டுப் போர்ச்சுகலிடமோ பிரிட்டனிடமோ போய்ச் சேரப்போகிறார்கள் என்ற வதந்தியை அடக்கத்தான் இந்த ஒட்டு. ஸ்பானிய மொழியில் 1500 படிகளோடு பூர்வகுடி மொழிகளான கெச்சுவாவில் 1000, ஐமாராவில் 500 அச்சிடவும் முடிவாயிற்று. பூர்வகுடிகளைக் காட்டுமிராண்டிகள் என்ற 1776-ஐப் படித்துவிட்டு இங்கே வருகிறவர்களுக்கு இந்த எண்ணிக்கை சும்மா கடந்துபோகும் தகவலாக இருக்காது.

அடுத்தது பிலிப்பைன்ஸ். மணிலாவிலிருந்து தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில் கவித்தே மாகாணத்தின் காவிட். ஸ்பெயினுக்கு எதிரான புரட்சித் தலைவர் எமிலியோ அகினால்டோ வாழ்ந்த வீடு தேசிய வரலாற்று ஆணையத்தின் பராமரிப்பில் இருக்கிறது. அனுமதி இலவசம், திங்கட்கிழமை மூடல். மணிலாப் போக்குவரத்தை நம்பி நேரம் கணக்கிடாதீர்கள். அரை நாளை ஒதுக்கிவிடுங்கள். மரவேலை அழகு, ரகசியக் கதவுகள், பின்கட்டில் அகினால்டோவின் கல்லறை என்று பார்க்க நிறைய உண்டு. எல்லோரும் படமெடுக்கும் அந்த மாடமுகப்பு மட்டும் 1898-இல் இல்லை. பிற்பாடு அகினால்டோவே சேர்த்துக் கட்டியது. ஜூன் 12 அன்று பிரகடனம் சன்னலிலிருந்து வாசிக்கப்பட்டது. சுற்றிக்காட்டுபவர் இதைச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

அம்புரோசியோ ரியன்சாரெஸ் பௌத்திஸ்தா எழுதி வாசித்த இந்தத் தாள் படிக்கச் சிரமமானது: மூச்சுவிடாமல் ஓடும் சட்ட நடை. பிடிப்பதற்கு நூல் இதோ. முதலில் ஸ்பெயினின் சிவில் காவல் படையின் அத்துமீறல்களும் நியாயமற்ற கைதுகளும். பிறகு வரலாறு: மெகல்லன் வந்தது, பின்னால் வந்த ஸ்பானியத் தளபதி லெகஸ்பி உள்ளூர்த் தலைவன் சிகதுனாவோடு செய்த ரத்த உடன்படிக்கை. பிறகு தியாகிகள்: 1872-இல் கொல்லப்பட்ட மூன்று பாதிரியார்கள், 1896-இல் சுடப்பட்ட ஹோசே ரிசால். ஸ்பெயின் வெறும் படையெடுப்பால் வரவில்லை, நட்பு உடன்படிக்கை செய்துகொண்டு வந்தது. அதை மீறியது ஸ்பெயின்தான் என்று காட்டுவதற்கே அந்த ரத்த உடன்படிக்கை உள்ளே வருகிறது. வாதம் வலுவானதுதான். ஆனால் அதே தாள் 'வலிமையும் மனிதாபிமானமும் மிக்க வட அமெரிக்க தேசத்தின்' பாதுகாப்பை நாடுகிறது. கையெழுத்திட்ட 98 பேரில் ஒருவர் அமெரிக்கப் பீரங்கிப்படை அதிகாரி. ஆறே மாதத்தில், டிசம்பர் 10 பாரிஸ் உடன்படிக்கையில், ஸ்பெயின் 20 மில்லியன் டாலர் வாங்கிக்கொண்டு தீவுகளை அமெரிக்காவிடம் கொடுத்துவிட்டது. ஒரு பேரரசின் மேல் குற்றம் சாட்டும்போது இன்னொன்றின் கருணையைச் சான்றாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான தாள் இல்லை. அகினால்டோவின் ஆலோசகர் அப்பொலினாரியோ மாபினி அதை அப்போதே கண்டுகொண்டார். ஆகஸ்ட் 1-இல் பகோர் ஊரில் மறுஉறுதி செய்த வாசகம் அதனால்தான் தேவைப்பட்டது. காவிட் வீட்டில் வீரம் நன்றாகச் சொல்லப்படுகிறது. இந்தப் பிழையின் கதைக்கு இன்னும் கொஞ்சம் சுவர் ஒதுக்கியிருக்கலாம்.

வியட்நாமின் ஹனோய், பழைய நகரில் 48 ஹாங் நாங் தெரு. பட்டு வணிகர் திரின் வான் போவின் வீடு. 1945 ஆகஸ்ட் கடைசியில் விடுதலைத் தலைவர் ஹோ சி மின் இங்கே மாடியில் தங்கி எழுதியதை செப்டம்பர் 2 அன்று பா தின் சதுக்கத்தில் வாசித்தார். வீடு சிறியது, அரை மணி நேரம் போதும். ஹோவான் கியெம் ஏரியைப் பார்க்க வருகிறவர்கள் நடையாகவே வந்துவிடலாம். மேசை, நாற்காலி, புகைப்படம் என்று அடக்கமான காட்சி. விளக்கப் பலகைகளில் ஆவணத்தின் சட்ட நுணுக்கம் பற்றி அதிகம் இல்லை. அதனால் பாடத்தை அச்செடுத்துக் கையில் கொண்டுபோங்கள்.

அது 1776-இன் வரியில் தொடங்குகிறது என்பது பலருக்கும் தெரியும். அடுத்து வருவது 1791-இன் பிரெஞ்சு மனித உரிமைச் சாசனம். வாஷிங்டனும் பாரிஸும் தங்கள் வாயால் சொன்னதை அவர்கள் முன்னாலேயே எடுத்து வைக்கும் வேலை இது. 'எல்லா மனிதரும்' என்பதை 'எல்லா மக்களினங்களும்' என்று ஒரே வாக்கியத்தில் விரித்துவிடுகிறார். தனிமனித உரிமை தேசத்தின் உரிமையாகிவிடுகிறது. பிறகு குற்றங்கள்: பள்ளிகளைவிட அதிகமாகச் சிறைகள், அபின், சாராயம், பறிக்கப்பட்ட வயல்கள், பஞ்சத்தில் மாண்ட இருபது லட்சம் பேர். இவ்வளவும் சொன்ன பிறகு வருவதுதான் கூர்மையான இடம். 1940 இலையுதிர் காலத்திலேயே பிரான்ஸ் எங்களை ஜப்பானிடம் விட்டுவிட்டது. அன்றோடு நாங்கள் பிரெஞ்சுக் காலனி இல்லை. நாட்டை ஜப்பானிடமிருந்து மீட்டோம், பிரான்சிடமிருந்து அல்ல என்கிறார். பிரான்ஸ் திரும்பி வந்தால் அது பழைய சொத்துக்கு உரிமை கொண்டாடுவதாகாது, புதிய படையெடுப்பாகும். நாடாளுமன்றத்தோடு கயிறே இல்லை என்றார்கள் 1776-இல் பிலடெல்பியாவில். கயிற்றை நீயே அறுத்துவிட்டுப் போனாய் என்கிறார் ஹனோயில். இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள்.

இந்த உருவத்தை யாரும் எதற்கும் இரவல் வாங்கலாம் என்பதற்கு ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) சாட்சி. 1965 நவம்பர் 11-இல் இயன் ஸ்மித் அரசு வெளியிட்ட அறிவிப்பு 1776-இன் தொடக்க வாக்கியத்தை ஏறத்தாழ அப்படியே எடுத்துக்கொண்டது. 'எல்லா மனிதரும் சமம்' என்பதும் ஆளப்படுவோரின் சம்மதம் என்பதும் மட்டும் கவனமாக விடுபட்டன. மக்களில் இருபதில் ஒருவர் அளவே இருந்த வெள்ளையர் ஆட்சியைக் காப்பாற்ற எழுதிய தாளில் அந்த வரிகள் எப்படி இருக்கும்? மறுநாளே ஐ.நா. பாதுகாப்பு அவை கண்டித்தது. எந்த நாடும் முறையாக அங்கீகரிக்கவில்லை. இதற்காக எங்கும் பயணம் போக வேண்டியதில்லை, ஆனால் பாடத்தைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றில் எந்த வரி உண்மையில் பாரம் தாங்குகிறது என்பதை இது காட்டிக்கொடுக்கும்.

நம் பக்கத்துத் தாள் ஒன்றும் உடன் இருக்கட்டும். 1930 ஜனவரி 26-இல் ஊர் ஊராக வாசிக்கப்பட்ட பூரண சுயராஜ்ய உறுதிமொழி, கணக்கு வழக்கோடு பேசுவதில் தனி ரகம்: சராசரி வருமானம் நாளுக்கு ஏழு பைசா, பழைய கணக்கில் ஒன்றே முக்கால் அணா, வரியில் 20 விழுக்காடு நிலத்தீர்வை, 3 விழுக்காடு உப்பு வரி. ஆனால் 1947-இல் இந்தியாவுக்கும் 1948-இல் இலங்கைக்கும் விடுதலை வந்தது பிரிட்டிஷ் நாடாளுமன்றச் சட்டங்களின் வழியே. அந்தச் சட்டங்களில் காரணம் எதுவும் எழுதப்படவில்லை, எழுத வேண்டிய தேவையும் லண்டனுக்கு இல்லை.

கடைசியாக, ஆறு இடங்களில் எங்களுக்கு மிகவும் பிடித்தது. இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில், மென்டெங் பகுதியில் இமாம் பொன்ஜோல் தெரு 1: பிரகடன வரைவு அருங்காட்சியகம். ஜப்பானியக் கடற்படை அதிகாரி மயெடாவின் வீடாக இருந்தது. திங்கட்கிழமை மூடல். கூட்டம் குறைவு. வாஷிங்டனைப்போல் அசல் இங்கே இல்லை. விடுதலைத் தலைவர் சுகார்னோ கையால் எழுதிய வரைவு தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, இங்கே பார்ப்பது நகல். அது ஒரு குறையே இல்லை. காரணம், இந்த வீடு ஒரு பிரகடனம் எப்படி எழுதப்பட்டது என்பதை அறை அறையாக நடத்திக் காட்டுகிறது. பேச்சு நடந்த முன்கூடம், சுகார்னோவும் சக தலைவர்கள் ஹத்தாவும் சுபார்ஜோவும் உட்கார்ந்து எழுதிய மேசை, சயூத்தி மெலிக் தட்டச்சு செய்த இடம், கையெழுத்துப் போட்ட பியானோ. 1945 ஆகஸ்ட் 16 இரவு தொடங்கி விடியலுக்குள் முடிந்த வேலை. அதே வரிசையில் நடந்து பாருங்கள்.

வரைவு நகலின் முன் குறைந்தது பத்து நிமிடம் நில்லுங்கள். மொத்தம் இரண்டே வாக்கியங்கள். இந்தோனேசிய மக்களாகிய நாங்கள் இதனால் விடுதலையை அறிவிக்கிறோம். அதிகார மாற்றமும் பிறவும் கவனத்தோடும் கூடிய விரைவிலும் நடத்தப்படும். குற்றப்பட்டியல் இல்லை. முன்பு ஆண்ட டச்சுக்காரர் பெயர் இல்லை, போரில் நாட்டைப் பிடித்த ஜப்பானியர் பெயரும் இல்லை. ஏன் என்பதற்கு அடித்தல்களே விடை. 'ஒப்படைப்பு' என்ற பொருள்தரும் சொல்லை அடித்துவிட்டு 'மாற்றம்' என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள். ஒப்படைப்பு என்றால் ஜப்பான் கொடுத்த பரிசு என்று ஆகிவிடும். கைப்பற்றுகிறோம் என்று எழுதினால், சரணடைந்த பின் எதையும் மாறாமல் வைத்திருக்கக் கட்டுப்பட்ட ஜப்பானியப் படை துப்பாக்கியைத் தூக்க வேண்டிவரும். யாரையும் சாடாத அந்தச் சொல் நள்ளிரவில் உயிர்களைக் காத்த சொல்.

கீழே கையெழுத்து வரியையும் பாருங்கள். வரைவில் 'இந்தோனேசிய மக்களின் பிரதிநிதிகள்' என்று இருக்கிறது. அமெரிக்கப் பிரகடனத்தைப்போல் கூடியிருந்தோர் எல்லாரும் கையெழுத்திடலாம் என்றார் ஹத்தா. இளைஞர் தரப்பிலிருந்து சுகர்னி மறுத்தார். அங்கிருந்தோரில் பலர் ஜப்பான் அமைத்த குழுவின் உறுப்பினர்கள். முடிவில் 'இந்தோனேசிய மக்களின் பெயரால்' என்று மாற்றி, சுகார்னோவும் ஹத்தாவும் மட்டும் கையெழுத்திட்டார்கள். தட்டச்சுப் படியை வரைவோடு வைத்து ஒப்பிட்டால் இந்த மாற்றம் தெரியும். தேதியில் ஆண்டு '05' என்று இருப்பது பிழையில்லை. ஜப்பானிய ஆண்டு 2605. தட்டச்சு முடிந்ததும் எறியப்பட்ட அந்த வரைவுத் தாளைப் பத்திரிகையாளர் பி.எம். டியா எடுத்து வைத்து, 1992-இல் அரசிடம் கொடுத்தார். அவர் குனிந்து எடுக்காவிட்டால் இந்த வாதத்தின் பாதி நமக்குத் தெரிந்திருக்காது.

ஒரு குறை உண்டு. காரணங்களைச் சொல்லும் ஆவணம் மறுநாள் ஆகஸ்ட் 18-இல் ஏற்கப்பட்ட அரசியலமைப்பின் முகவுரை. விடுதலை எல்லா இனங்களின் உரிமை, ஆகவே காலனி ஆட்சி ஒழிய வேண்டும் என்று அதுதான் தொடங்குகிறது. இரண்டு வாக்கியத்தையும் அந்த முகவுரையையும் பக்கத்துப் பக்கத்தில் படித்தால்தான் மனு முழுமையாகும். அதை நீங்கள் கொண்டுபோக வேண்டியிருக்கும். நெதர்லாந்து 1949 டிசம்பர் 27-ஐயே விடுதலை நாளாக நெடுங்காலம் வைத்திருந்தது. ஆகஸ்ட் 17-ஐத் தயக்கமின்றி ஏற்பதாக அதன் பிரதமர் சொன்னது 2023-இல்.

வீட்டைப் பார்த்து முடித்ததும் ஒரு வாடகை வண்டி பிடித்து புரொக்லமாசி தெருப் பூங்காவுக்குப் போங்கள்; தூரம் குறைவுதான். காலை 10 மணிக்கு சுகார்னோ வாசித்த அவருடைய வீடு 1960-களில் இடிக்கப்பட்டுவிட்டது. அவர் நின்ற இடத்தில் உச்சியில் மின்னல் வடிவம் கொண்ட தூண் ஒன்று நிற்கிறது. எதிரே சுகார்னோ, ஹத்தா சிலைகளுக்கு நடுவே கல்லில் அந்த இரண்டு வாக்கியங்கள். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள், நிழல் குறைவு.